புள்ளியும் பெரும்புள்ளியும்

பேச்சிலே நாள்தோறும் புழங்கியும் இலக்கியத்தின் திண்ணையில் இன்னும் உட்கார இடம் பெறாத சொற்கள் தமிழிலே பல உள. இத்தொடரில் இவ்வாரம் அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘பெரும்புள்ளி’ என்பதே அச்சொல்.

பணமும் செல்வாக்கும் நிரம்பிய ஒருவரை “அவர் ஒரு பெரும்புள்ளி” என்கிறோம். ஊர்ப் பேச்சிலே “பெரிய புள்ளியாம்” என்பார்கள். பத்திரிகையிலே வர்த்தகப் புள்ளி, அரசியல் புள்ளி, முக்கிய புள்ளி என்றெல்லாம் அச்சாகிறது. பொருள் எல்லோருக்கும் விளங்குகிறது. ஆயினும் ஒரு கணம் நின்று யோசித்தால் இது விசித்திரமான சொல். புள்ளி என்பது எழுத்தாணியின் நுனி பட்ட அளவு. எழுத்திலே அதைவிடச் சிறிய குறி இல்லை. மிகச் சிறிய ஒன்றின் பெயரை எடுத்து, முன்னே ‘பெரும்’ என்ற அடையைச் சேர்த்து, ஊரிலே மிகப் பெரிய மனிதருக்குச் சூட்டியிருக்கிறோம். பெருமலை, பெருங்கடல் என்றால் இயல்பாக இருக்கிறது. பெரும்புள்ளி என்பது பெரிய கடுகு என்பது போல ஒலிக்கிறது அல்லவா? இது எப்படி வந்தது?

முதலில் இலக்கணக்காரரின் புள்ளியைப் பார்த்துவிடுவோம். தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்யெழுத்தின் அடையாளம் புள்ளி. க என்ற எழுத்தின் தலையிலே புள்ளி வைத்தால் க் ஆகிறது. உள்ளிருந்த உயிர் போய்விடுகிறது. ஒரு மாத்திரையாக இருந்த ஒலி அரை மாத்திரையாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இலக்கணத்திலே புள்ளி ஏறினால் எழுத்து குறுகும். எகர ஒகரக் குறில்களுக்கும் முற்காலத்திலே புள்ளி இருந்தது. 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் செய்த மாற்றத்தின் பின்பே இன்று நாம் எழுதும் முறை நிலைத்தது. ஓலையிலே புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று பழைய ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். புள்ளியில்லாத அந்த ஏடுகளை வைத்துக்கொண்டுதான் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இலே கலித்தொகையை அச்சேற்றினார். மெய் எது, உயிர்மெய் எது, குறில் எது, நெடில் எது என்று ஒவ்வோர் அடியிலும் தடுமாற வேண்டிய வேலை அது. ஒரு புள்ளியின் அருமை பதிப்பாசிரியருக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்தப் புள்ளியிலிருந்து பணக்காரர் பிறந்திருக்க முடியாது. அவர் பிறந்த வீடு வேறு. அது கணக்கேடு.

புள்ளி என்ற சொல்லுக்கு எண்ணிக்கை, கணக்கு, மதிப்பீடு என்ற பொருள்கள் உண்டு. புள்ளி பார்த்தல் என்றால் கணக்கிட்டுப் பார்த்தல், உத்தேசம் கட்டுதல். புள்ளிவிபரம் என்ற சொல் அதிலிருந்துதான் வருகிறது. நமது நாட்டிலே சனத்தொகையை எண்ணும் அரச திணைக்களத்துக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் என்றே பெயர். தமிழ்நாட்டார் மதிப்பெண் என்றும் மார்க் என்றும் சொல்வதை இலங்கையிலே நாம் புள்ளி என்கிறோம். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வரும் பிள்ளையிடம் தாய் கேட்கும் கேள்வி “எத்தனை புள்ளி வரும்?” என்பதே. பல்கலைக்கழக வாசலிலே நிற்கும் வெட்டுப்புள்ளி, அதன் பின் வந்த இசட் புள்ளி ஆகியவை எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்தன என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1970களின் தரப்படுத்தலை அனுபவித்த தலைமுறைக்கு அது வெறுஞ்சொல் அன்று. (தேர்தலிலே நாம் இடும் புள்ளடி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. புள் என்றால் பறவை. பறவையின் கால்தடம் போன்ற குறி என்பதால் அது புள் அடி. ஒலி ஒன்றாக இருப்பதால் உறவென்று மயங்க வேண்டாம்.)

கணக்கிலே ஒருவரைக் குறிப்பதற்கு ஒரு குறி. அந்தக் குறியே பிறகு அந்த ஆளையும் குறிக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவதை இலக்கண நூலார் ஆகுபெயர் என்பர். ஏட்டிலே உள்ள புள்ளி ஏட்டுக்கு வெளியே உள்ள மனிதருக்கு ஆகிவந்தது. இதற்கு உயிருள்ள சான்று ஒன்று உண்டு.

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்திலே புள்ளி என்பது இன்றும் ஒரு முறையான அலகு. பிள்ளையார்பட்டி, இளையாற்றங்குடி, மாத்தூர், இரணியூர் முதலாக அவர்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள் உள்ளன. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. திருமணத்தின்போது அந்தக் கோயிலிலிருந்து மாலை வரும். அந்தத் திருமணத்தோடு ஒருவர் புதிய புள்ளி ஆகிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஊரிலே எத்தனை புள்ளி, ஒரு கோயிலுக்கு எத்தனை புள்ளி என்று கணக்கு வைத்திருப்பார்கள். கோயிற் செலவுக்குப் புள்ளிவரி வாங்குவார்கள். இதிலே நம் கவனத்துக்குரியது என்னவென்றால், புள்ளிவரி எல்லாப் புள்ளிக்கும் ஒன்றுதான். சொத்தின் அளவைப் பார்த்து வாங்கும் வரி வேறாக இருந்தது. புள்ளிவரியிலே இலட்சங்களை வட்டிக்கு விட்டவரும் ஒரு புள்ளி. அவரிடம் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கிய உறவினரும் ஒரு புள்ளி. அங்கே பெரிய புள்ளி, சின்னப் புள்ளி என்ற பேச்சுக்கு இடமில்லை.

இந்த நகரத்தார் நமக்கு அந்நியர் அல்லர். பிரித்தானியர் காலத்திலே கொழும்புச் செட்டியார் தெருவிலே கிட்டங்கி வைத்து, தோட்டத்துரைமார் முதல் உள்ளூர் வியாபாரிகள் வரை கடன் கொடுத்தவர்கள் அவர்கள். அத்தெருவின் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் ஆடிவேல் விழாவும் அவர்கள் விட்டுச்சென்ற சுவடுகள். ‘பெரும்புள்ளி’ என்ற சொல்லை அவர்கள்தாம் இங்கே இறக்குமதி செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கேட்டிலே ஒரு குடித்தனம் ஒரு புள்ளியாக நிற்பது எப்படி என்பதை அவர்களுடைய வழக்கம் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வளவே.

இப்படிக் கணக்கேட்டிலிருந்து எழுந்து வந்து தெருவிலே நடமாடும் சொல் இது ஒன்று மட்டும் அன்று. ‘ஆசாமி’ என்கிறோமே, அதன் பூர்வீகம் தெரியுமா? அரபு மொழியிலே இஸ்ம் என்றால் பெயர். அதன் பன்மை வடிவங்களுள் ஒன்று அஸாமி. வட இந்தியாவிலே வருவாய்த்துறைக் கணக்கில் பெயர் பதியப்பட்ட குடியானவனை அச்சொல் குறித்தது. அங்கிருந்து தமிழுக்கு வந்து, “அந்த ஆசாமி” என்று நாம் யாரையோ சற்று அலட்சியமாகச் சுட்டும் சொல்லாயிற்று. ‘பேர்வழி’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு பேர் கிடக்கிறது. ஆக, பசையுள்ள ஆசாமி, பலே பேர்வழி, பெரும்புள்ளி ஆகிய மூவரும் ஒரே பட்டியலிலிருந்து இறங்கி வந்த உறவினர். மூவரையும் பற்றிப் பேசும்போது நம் குரலிலே ஒரு மெல்லிய கேலி தானாகவே ஏறிவிடுவதும் கவனிக்கத்தக்கது.

செல்வரைக் குறிக்கத் தமிழிலே சொற்பஞ்சம் இல்லை. செல்வர், தனவந்தர், சீமான், பிரபு, பணக்காரர், காசுக்காரர், வசதியானவர், முதலாளி என்று அடுக்கலாம். சீமான் என்பது ஸ்ரீமான் என்பதன் திரிபு. திருமகளின் பார்வை பட்டவர். உடையார் என்ற சொல் பழையது. திருவள்ளுவர் கல்வி அதிகாரத்திலே உடையாரையும் இல்லாரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அதே சொல் நம் நாட்டிலே அந்நியர் ஆட்சிக் காலத்தில் மணியகாரர், விதானையார் வரிசையிலே ஓர் உத்தியோகப் பெயரும் ஆயிற்று. ‘உடைமை’ அதிகாரமாக மாறிய கதை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. முதலாளி என்பது முதலை, அதாவது மூலதனத்தை, ஆள்பவர். கடைக்குப் போனால் “முதலாளி, அரைக் கிலோ சீனி” என்று நாம் கூப்பிடுகிறோம். சிங்கள மக்களும் அதே சொல்லை எடுத்து ‘முதலாலி’ என்று வழங்குகிறார்கள். நாட்டின் எந்த மூலையிலும் கடைக்காரரைக் கூப்பிடப் போதுமான சொல் அது. அதே முதலாளி சற்று அதிகமாக விலை ஏற்றினால் பத்திரிகையிலே பணமுதலை ஆகிவிடுகிறார். முதலுக்கும் முதலைக்கும் உள்ள தூரம் ஓர் எழுத்துத்தான்.

எண்ணை வைத்துப் பிறந்த சொற்களும் உண்டு. இலட்சாதிபதி, கோடீஸ்வரர் என்பன அவை. இவற்றுக்கு ஒரு பலவீனம்: காசின் மதிப்பு குறையக் குறையச் சொல்லின் மதிப்பும் குறைந்துவிடும். ஒரு காலத்திலே இலட்சாதிபதி என்றால் ஊரே எழுந்து நின்றது. 2022இலே ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்குப் போனபோது, இலட்ச ரூபாவின் கதி என்னவென்று எல்லோரும் கண்டோம். இன்று யாரையாவது இலட்சாதிபதி என்றால் அவர் கோபித்துக்கொள்ளவும் கூடும். பெரும்புள்ளிக்கு அந்தப் பயமே இல்லை. அதிலே தொகை சொல்லப்படவில்லை. எந்த நாணயம் விழுந்தாலும் புள்ளி பெரும்புள்ளியாகவே இருக்கும்.

சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பிலே ஒரு பேச்சுப் பயிற்சி வைத்தேன். கம்பரைப் பற்றிப் பேச வந்த மாணவன் ஒருவன், “திருவெண்ணெய்நல்லூரிலே இருந்த சடையப்பர் என்ற பெரும்புள்ளி கம்பரை ஆதரித்தார்” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை. “சேர், அவர் காசுக்காரர்தானே?” என்று கேட்டான். கேள்வி நியாயமானது. சடையப்பர் பொருளுடையவர் என்பதிலே ஐயமில்லை. தகவலிலே பிழை இல்லை. பிறகு எங்கே பிழை?

கரும்பலகையிலே இரண்டு சொற்களை எழுதினேன்: வள்ளல், பெரும்புள்ளி. வள்ளல் என்ற சொல் ஒருவருடைய கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று சொல்கிறது. புரவலர் என்றாலும் அப்படியே. அவர் எதையோ, யாரையோ புரக்கிறார், காக்கிறார். அச்சொற்களுக்குள் இன்னொரு மனிதர் ஒளிந்திருக்கிறார். கொடுக்க வேண்டுமானால் வாங்குபவர் வேண்டும், காக்க வேண்டுமானால் காக்கப்படுபவர் வேண்டும். பெரும்புள்ளி என்ற சொல்லிலே அந்த இன்னொரு மனிதர் இல்லை. ஒருவர் கணக்கிலே எவ்வளவு இடம் அடைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் அது சொல்கிறது. அவர் கொடுப்பவரா, பறிப்பவரா, சும்மா இருப்பவரா என்பது பற்றி அதற்குக் கவலை இல்லை. கம்பருக்குச் சோறிட்டவரை நாம் அளவு பார்த்து நினைவில் வைக்கவில்லை. ஆகவேதான் வகுப்பு சிரித்தது. காரணம் சொல்லத் தெரியாமலே பிள்ளைகளின் செவி சரியாக வேலை செய்திருக்கிறது. மொழியுணர்ச்சி என்பது அதுதான்.

வழக்கிலே இச்சொல்லுக்கு எழுதப்படாத சில சட்டங்கள் இருக்கின்றன. முன்னிலையிலே இது வராது. ஒருவரை நேரிலே பார்த்து “வாருங்கள் பெரும்புள்ளி” என்று யாரும் வரவேற்பதில்லை. வரவேற்றால் அது வம்பு. தன்மையிலும் வராது. “நான் ஒரு பெரும்புள்ளி” என்று தன்னை அறிமுகப்படுத்துபவர் நாடக மேடையிலே மட்டும் கிடைப்பார். ஆள் இல்லாத இடத்திலே, படர்க்கையிலே, சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொல் இது. கலியாணப் பேச்சிலே “பெரிய இடம்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லும் அதே குடும்பத்தைப் பற்றி, வேலிக்கு அந்தப் பக்கத்திலே “பெரும்புள்ளி, எங்களோடை ஒத்துவருமோ?” என்பார்கள். பெண்களைக் குறித்து இது வருவது மிக அருமை. எதிர்ச்சொல்லும் இதற்கு இல்லை. சிறுபுள்ளி என்று எவரையும் சொல்வதில்லை. சிறியவருக்குச் ‘சில்லறை’ என்றொரு சொல்லைக் கொடுத்திருக்கிறோம். அதுவும் பணப்பையிலிருந்து வந்த சொல்தான்.

திணை பற்றிய விநோதம் ஒன்றும் உண்டு. புள்ளி அஃறிணைப் பெயர். ஆளைக் குறிக்கும்போது எந்த வினையைக் கொடுப்பது? அரசு முதலிய சில சொற்கள் உயர்திணைப் பொருளை உணர்த்தினாலும் அஃறிணை முடிபே கொள்ளும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே விதித்திருக்கிறார். அவ்விதிப்படி பார்த்தால் “பெரும்புள்ளி வந்தது” என்றே சொல்ல வேண்டும். நாம் அப்படிச் சொல்கிறோமா? கோயில் விழாவுக்கு அவர் காரிலே வந்து இறங்கினால் “பெரும்புள்ளி வந்திட்டார்.” அவரே ஒரு வழக்கிலே மாட்டிக்கொண்டால் “பெரும்புள்ளி ஒண்டு மாட்டுப்பட்டுப்போச்சு.” செல்வாக்கு இருக்கும்வரை உயர்திணை, சரிந்தவுடன் அஃறிணை! இலக்கண நூலார் வகுக்காத இந்த விதியை ஊர் தானாகவே வகுத்து ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறது. பழைய காலத்திலே குற்றம் செய்தவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்பதையும் இவ்விடத்திலே நினைத்துக்கொள்ளலாம். முகத்திலே குத்திய புள்ளி ஊரறிய ஒருவனைக் காட்டிக்கொடுத்தது.

இன்றைய பெரும்புள்ளியோ நேர்மாறான வேலையைச் செய்கிறது. அது ஆளை மறைக்கிறது. இதைத்தான் நேயர்களும் வாசகர்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பத்திரிகை ஒன்றை எடுத்து ஒரே பக்கத்திலே உள்ள இரண்டு செய்திகளைப் பாருங்கள். சைக்கிள் திருடியவனுடைய பெயர், வயது, ஊர், சில வேளை தகப்பன் பெயரும் கூட அச்சாகியிருக்கும். பக்கத்திலே கோடிக்கணக்கான ரூபா மோசடி பற்றிய செய்தி. அங்கே “நகரின் பிரபல வர்த்தகப் புள்ளி ஒருவர்” என்று இருக்கும். சட்டத்துக்கு அஞ்சிப் பத்திரிகைகள் அவ்வாறு எழுதுகின்றன என்பதை நான் அறிவேன். நீதிமன்றம் தீர்க்கும் முன் ஒருவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்பது நல்ல நெறியே. அந்த நெறி சைக்கிள் திருடியவனுக்கும் உரியதல்லவா? அவனும் தீர்ப்புக்கு முன் சந்தேக நபர்தானே? பெயரைப் போடுவதானால் இருவருக்கும் போட வேண்டும், மறைப்பதானால் இருவருக்கும் மறைக்க வேண்டும். ஒருவனுக்கு முகத்தையும் மற்றவருக்குப் புள்ளியையும் கொடுப்பது மொழியிலே செய்யும் ஓரவஞ்சனை.

மாணவர்களிடம் செய்தி எழுதும் பயிற்சி கொடுக்கும்போது இந்தச் சொல்லை நான் தடுப்பதில்லை. சிறுகதையிலே, உரையாடலிலே இதன் உப்பும் உறைப்பும் வேண்டும். நாட்டுவளமான ஒரு பாத்திரம் “செல்வந்தர்” என்று பேசினால் அது மேடைப் பொம்மையாகிவிடும். செய்தியிலே இச்சொல்லை எழுதும்போது மட்டும் “இவர் யார்? ஏன் பெயர் இல்லை?” என்று ஓரத்திலே சிவப்பு மையால் எழுதிவிடுவேன். சில பிள்ளைகள் அதற்குப் பதிலாகப் “பிரபலம்” என்று திருத்திக்கொண்டு வருவார்கள். அதற்கும் அதே கேள்வியைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் கோயில்களிலே கும்பாபிஷேகத்துக்குச் சேர்ந்த பணத்தின் பட்டியலை ஒலிபெருக்கியிலே வாசிப்பார்கள். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அனுப்பியவர்களின் பெயர்கள் முதலில் வரும். தொகை பெரிது, பெயரும் இரண்டு முறை வாசிக்கப்படும். பிறகு ஆயிரங்கள். அதன் பின் ஐந்நூறு, இருநூறு என்று இறங்கும்போது வாசிப்பவரின் குரலும் வேகம் பிடித்துவிடும். எல்லாம் ஒரே கணக்கேட்டிலே எழுதியவைதான். வரிக்கு ஒரு புள்ளி. அந்த வேகத்தின் நடுவிலே எங்கோ ஓரிடத்தில் “பெயர் குறிப்பிட விரும்பாத அன்பர், ரூபா நூறு” என்று வரும்.